எம்.எஸ்ஸி. புராஜெக்ட்டுக்கு எந்தப் படிகம், எந்த மாசு?

போன வாரம் சாப்பாட்டு இடைவேளையில் இரண்டாம் வருஷ எம்.எஸ்ஸி. இயற்பியல் மாணவிகள் இரண்டு பேர் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார்கள். "மேம், வெளிச்சம் குடுக்குற பவுடர்தான் புராஜெக்ட்டுனு முடிவு பண்ணிட்டோம். எதைப் பண்றதுன்னுதான் தெரியல" என்றாள் ஒருத்தி. கையில் நாலாக மடித்த தாள். அதில் ஐந்து பெயர்கள்: மாங்கனீசு கலந்த துத்தநாக சல்பைடு, யூரோப்பியம் கலந்த யிட்ரியம் ஆக்சைடு, யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் கலந்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட், சீரியம் கலந்த யாக் (யிட்ரியம் அலுமினியம் கார்னெட்), கடைசியாகப் பென்சிலில் எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்த குரோமியம் கலந்த அலுமினா (அலுமினிய ஆக்சைடு). என் கண் அந்தக் கேள்விக்குறி மேல்தான் போய் நின்றது.

மணி அடித்துவிட்டதால் அன்றைக்குப் பாதிதான் பேச முடிந்தது. மதுரையைச் சுற்றியிருக்கிற கல்லூரிகளில் வருஷா வருஷம் யாராவது இதே கேள்வியோடு நிற்கிறார்கள், பாதிப் பேர் சீனியர் செய்ததையே திரும்பச் செய்துவிட்டுப் போகிறார்கள், அதனால் முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். எங்கள் டிபார்ட்மென்ட்டில் 1000 டிகிரி வரை போகும் ஒரு மஃபிள் ஃபர்னஸ் (மின் உலை), ஒரு சி.ஆர்.ஓ. (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்), சோடியம் விளக்கோடு ஸ்பெக்ட்ரோமீட்டர், மில்லிகிராம் காட்டும் தராசு. கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்டில் கேட்டால் 254, 365 நானோமீட்டர் இரண்டுக்கும் பொத்தான் உள்ள புற ஊதா விளக்கு கிடைக்கும். எக்ஸ்.ஆர்.டி. (படிக அமைப்பைக் காட்டுவது), பி.எல். (ஒளிரும் நிறமாலையைக் காட்டுவது) இரண்டும் வெளியே கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், சாம்பிளுக்கு இவ்வளவு என்று காசு, அதோடு வரிசையில் காத்திருப்பு. நேரம்? டிசம்பரில் ஆரம்பித்தால் பொங்கல் லீவு போக, இன்டெர்னல் தேர்வுகள் போக, சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறுவதற்குள் ரெக்கார்டு பைண்டிங்குக்குப் போயாக வேண்டும். இந்த அளவுகோலை வைத்துத்தான் ஐந்தையும் நான் எடை போடுகிறேன். உலகத்திலேயே பிரகாசமான பாஸ்பர் (ஒளிரும் பொடி) எது என்ற கேள்வி இங்கே வரவே இல்லை.

அடிப்படை விஷயம் சின்னதுதான். சுத்தமான அலுமினா வெறும் வெள்ளைப் பொடி, என்ன விளக்கு அடித்தாலும் நம் கண்ணுக்கு ஒன்றும் காட்டாது. அதில் 1000 அலுமினிய அணு இருக்கிற இடத்தில் 5 குரோமியத்தை உட்கார வைத்தால் பொடி இளஞ்சிவப்பாகிவிடும், பச்சை ஒளி பட்டால் அடர்சிவப்பில் ஒளிரும். ஒளிர்வது அந்த ஐந்து பேர்தான், அவர்களைத்தான் மாசு என்கிறோம், மீதி 995 பேர் அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள். வருகிறவன் அந்த இருக்கைக்குப் பொருந்த வேண்டும்: அளவு கிட்டத்தட்ட ஒன்றாக, மின்னூட்டமும் ஒன்றாக இருந்தால் நல்லது. அலுமினியம் மூன்று பிளஸ், குரோமியமும் மூன்று பிளஸ். துத்தநாகம் இரண்டு பிளஸ், மாங்கனீசும் இரண்டு பிளஸ். அளவுக்கு மேல் ஆட்களைச் சேர்த்தால் ஒளி கூடாது, குறையும். ஒருவர் வாங்கிய ஆற்றலைப் பக்கத்து ஆளிடம் தள்ள, அவர் அடுத்தவரிடம் தள்ள, கடைசியில் எங்காவது ஒரு குறைபாட்டில் போய் அது வெப்பமாக வீணாகிவிடும். செறிவு கூடக்கூட ஒளி ஏறி, ஒரு உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும் அந்த வளைகோடுதான் இந்த மாதிரி புராஜெக்ட்டின் முதுகெலும்பு.

சரி, தாளுக்கு வருவோம்.

சீரியம் கலந்த யாக்கை நான் உடனே அடித்துவிட்டேன். இன்றைக்கு வீட்டில் எரிகிற வெள்ளை எல்.இ.டி. பல்பில் மஞ்சளாகத் தெரிகிறதே, அந்தப் பூச்சின் மூலவடிவம் இதுதான், நீல எல்.இ.டி.க்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014ல் நோபல் கிடைத்தபோது எல்லா வகுப்பிலும் இதைச் சொன்னோம். ஆனால் திடநிலை வினையில் நல்ல யாக் வேண்டுமென்றால் 1500 டிகிரி பக்கம் போக வேண்டும். வேறு வழிகளில் குறைந்த சூட்டிலும் படிகம் வரும், வெளிச்சம் மங்கலாக இருக்கும். சீரியம் நாலு பிளஸுக்கு மாறாமல் மூன்று பிளஸிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. அதன் ஒளி அணையும் நேரம் பத்துக்கணக்கான நானோ விநாடிகள், நம் சி.ஆர்.ஓ.வில் ஒன்றும் பிடிபடாது. ஆக, செய்யவும் கஷ்டம், செய்தபின் நாமே அளக்கவும் முடியாது.

யூரோப்பியம் கலந்த யிட்ரியம் ஆக்சைடு நேர் எதிர், இது கிட்டத்தட்டத் தோற்கவே தோற்காது. ஆக்சைடுகளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, யூரியாவோ கிளைசீனோ சேர்த்து எரித்து, சாதாரணக் காற்றிலேயே சுட்டெடுக்கலாம். 254 பொத்தானை அழுத்தினால் பளிச்சென்று சிவப்பு, 611 நானோமீட்டரில். சி.எஃப்.எல். பல்பில் சிவப்பு தந்தது இந்தப் பொடிதான். 365 பொத்தானில் மங்கலாகத்தான் தெரியும், அதைப் பார்த்துவிட்டு சாம்பிள் கெட்டுப்போச்சு என்று அழ வேண்டாம். யூரோப்பியம் மூன்று பிளஸில் ஒளி தரும் எலக்ட்ரான்கள் உள் ஓட்டுக்குள் பத்திரமாக இருக்கின்றன, அதனால் எந்தப் படிகத்தில் போட்டாலும் கோடுகள் பெரிதாக நகராது. எனக்கு இதில் தயக்கம் இரண்டு. யூரோப்பியம் ஆக்சைடு கிராம் கணக்கில் விற்கிற சரக்கு, ஒரு தடவை கை தவறினால் பணம் போச்சு. அப்புறம், வரப்போகிற முடிவு முன்பே தெரியும், 5 சதவீதத்தைச் சுற்றி உச்சம் வந்தது என்று எழுதி முடிப்பீர்கள். பிஎச்.டி.க்குப் போகிற எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் இதை எடுக்கலாம், ஏனென்றால் 592, 611 பக்கம் வருகிற இரண்டு கோடுகளின் விகிதத்தை வைத்து யூரோப்பியம் உட்கார்ந்திருக்கிற இடத்தின் சமச்சீர் எப்படி என்று ஊகிக்கலாம், அந்தப் பழக்கம் பின்னால் உதவும்.

மாங்கனீசு கலந்த துத்தநாக சல்பைடை நானே செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் கூடவே பேசுவேன். இதற்கு ஃபர்னஸே வேண்டாம். துத்தநாக அசிடேட்டையும் கொஞ்சம் மாங்கனீசு அசிடேட்டையும் தண்ணீரில் கரைத்து, சோடியம் சல்பைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளை வீழ்படிவு இறங்கும். கழுவிக் காயவைத்தால் புற ஊதாவில் ஆரஞ்சு, 585 நானோமீட்டர் பக்கம். அழுகின முட்டை நாற்றம் வராண்டா வரை போகும், அந்த வாயு விஷம், அதனால் ஃப்யூம் ஹூட் இல்லாமல் தொடவே கூடாது. செலவு ரொம்பக் குறைவு.

நான் எம்.எஸ்ஸி. படித்தபோது மூன்று வாரம் இது ஒளிரவே இல்லை. படிவு வந்தது, நிறம் மட்டும் பால் வெள்ளையாக இல்லாமல் சாம்பல் தட்டியது. மாங்கனீசைக் கூட்டிப் பார்த்தோம், குறைத்துப் பார்த்தோம், இருட்டில் ஐந்து பேர் தலையை முட்டிக்கொண்டு விளக்கைப் பிடித்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. கடைசியில் லேப் அசிஸ்டென்ட் அண்ணன்தான், "தண்ணி எங்கப்பா வாங்குனீங்க?" என்று கேட்டார். பேட்டரிக் கடையில் கேனில் விற்கிற டிஸ்டில்டு வாட்டர். அதை அவர் கண்ணாடிச் சாதனத்தில் இன்னொரு முறை காய்ச்சி வடித்துக் கொடுத்தார், துருவேறிய ஸ்பேட்டுலாவைத் தூக்கி எறிந்துவிட்டு பிளாஸ்டிக் ஸ்பூன் கொடுத்தார். அடுத்த படிவு வெள்ளையாக இறங்கியது, காய்வதற்கு முன்பே ஃபில்டர் தாளில் ஈரத்தோடு ஆரஞ்சாக எரிந்தது. இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றும் துத்தநாக சல்பைடின் ஒளியைக் கொல்கிறவை, பத்து லட்சத்தில் சில பங்கு போதும். நாம் அளந்து போடும் மாசு ஒளியைக் கொடுக்கிறது, அளக்காமல் நுழைகிற மாசு அதை விழுங்குகிறது. அன்றைக்குத்தான் டோபிங் (மாசு சேர்த்தல்) என்ற சொல் எனக்கு உண்மையில் புரிந்தது. ஆனாலும் இந்த மாணவிகளுக்கு நான் இதைச் சொல்லவில்லை. நாற்றம் ஒரு காரணம். இன்னொன்று, இந்த முறையில் வருகிற துகள்கள் நானோ அளவில் இருப்பதால் மேற்பரப்பே ஒளியைத் தின்னும், ஒரே செய்முறையை இரண்டு தடவை செய்தால் இரண்டு அளவில் வெளிச்சம் வரும், அப்புறம் செறிவால் மாறியதா கழுவியதால் மாறியதா என்று பிரிக்க முடியாது.

ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்தான் எல்லாருக்கும் ஆசை. விளக்கை அணைத்த பிறகும் பச்சையாக மணிக்கணக்கில் ஒளிர்கிற பொடி, அவசர வழிப் பலகைகளிலும் கடிகார முள்ளிலும் இருப்பது. ஜப்பானில் மட்சுசாவாவும் அவர் குழுவும் 1996ல் இதை வெளியிட்டபோது, அதுவரை கோலோச்சிய செம்பு கலந்த துத்தநாக சல்பைடு ஓரம்கட்டப்பட்டது. இதில் இரண்டு மாசு, இரண்டு வேலை. யூரோப்பியம் ஒளி தருகிறது. டிஸ்ப்ரோசியம் சேர்ந்தால் படிகத்தில் ஆழமான பொறிகள் அமைகின்றன, மின்னூட்டம் அவற்றில் சிக்கி, அறைச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டு யூரோப்பியத்திடம் வந்து சேர்கிறது. யூரோப்பியம் மட்டும் போட்டாலும் பச்சை வரும், ஆனால் வெகு சீக்கிரம் மங்கிவிடும். மொபைல் கடிகாரமும் ஒரு எல்.டி.ஆரும் (ஒளிக்கேற்ப மின்தடை மாறும் சின்னக் கருவி) இருந்தால் மங்கும் வளைகோட்டை நாமே வரையலாம், இது பெரிய வசதி.

சிக்கல் எங்கே என்றால், இங்கே யூரோப்பியம் இரண்டு பிளஸில் இருக்க வேண்டும். பாட்டிலில் வருவதோ மூன்று பிளஸ். சுடும்போது ஆக்சிஜன் இல்லாத, எலக்ட்ரான் கொடுக்கிற சூழல் வேண்டும். ஹைட்ரஜன் கலந்த வாயு நம்மிடம் கிடையாது. மூடி போட்ட சின்னக் குரூசிபிளைப் பெரிய குரூசிபிளுக்குள் வைத்து, இடையில் இஸ்திரிப் பெட்டிக்கு வாங்குகிற கரியைப் பொடித்து நிரப்பிச் சுடுவது நம் ஊர் வழி. இந்தக் கரி வித்தையும் பழசுதான்: 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் பொலோன்யாவில் செருப்புத் தைக்கும் காசியாரோலோ என்பவர் பேரைட் கல்லைக் கரியோடு சுட்டபோது, அது இருட்டில் ஒளிர்ந்து ஊரையே கூட்டியது. ஆனால் 1000 டிகிரியோடு நின்றுவிடுகிற ஃபர்னஸில் இந்தப் படிகம் சரியாக அமைய போரிக் அமிலம் சேர்த்துக் கெஞ்ச வேண்டியிருக்கும். பாதிதான் மாறியது என்றால் 254ல் பச்சையோடு சிவப்பும் கலந்து தெரியும், எவ்வளவு மாறியது என்று சொல்ல நம்மிடம் வழியில்லை. பொடியில் தண்ணீர் பட்டால் சிதையும், ஐப்பசி கார்த்திகை மழையில் டெசிக்கேட்டர் இல்லாமல் வைக்கக் கூடாது. செய்யலாம், நன்றாகவும் வரும், கண்ணுக்கு விருந்து. ஐந்து மாதத்துக்குள் ஏன் இப்படி வந்தது என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியுமா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பதும் அதைத்தான்.

கேள்விக்குறி போட்ட ஐந்தாவதுக்கு வருகிறேன். குரோமியம் கலந்த அலுமினா என்றால் வேறொன்றுமில்லை, மாணிக்கம். சொக்கநாதர் வியாபாரியாக வந்து மாணிக்கம் விற்ற ஊரில் உட்கார்ந்துகொண்டு அதற்குக் கேள்விக்குறி போடுவதா என்று கேட்டேன். ஒருத்தி சிரித்தாள். அவள் காதில் சின்னக் கெம்புத் தோடு இருந்தது, தெற்கு ஆவணி மூல வீதியில் அம்மா வாங்கியது என்றாள். மேஜை டிராயரில் செமினாருக்கு வைத்திருக்கிற பச்சை லேசர் பாயின்டர் இருந்தது. தோட்டைக் கழற்றி மேஜையில் வைக்கச் சொல்லி, ஜன்னலைச் சாத்தி, சிவப்பு செலோஃபேன் தாளை மடித்துக் குறுக்கே பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் இருந்து ஒளியை விட்டேன். தாள் பச்சையைத் தடுத்துவிட்டது, கல் மட்டும் கங்கு மாதிரி உள்ளேயிருந்து சிவந்தது. தோழியின் மோதிரத்தில் இருந்த சிவப்புக் கல்லில் அதே ஒளியை விட்டோம், தாளுக்கு இந்தப் பக்கம் ஒரே இருட்டு. அது வெறும் கண்ணாடி. (செயற்கை மாணிக்கமும் இப்படியே ஒளிரும், அதனால் இதை வைத்துக் கல் இயற்கையா என்று நகைக்கடையில் வாதாட முடியாது. லேசரை ஒருபோதும் கண்ணுக்கு நேரே காட்டாதீர்கள், மலிவான பச்சை லேசரில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் சேர்ந்து கசியும்.)

இந்தக் கல் பச்சையையும் ஊதாவையும் விழுங்கி, 694.3, 692.9 என்று இரண்டு கூர்மையான சிவப்புக் கோடுகளாகத் திருப்பித் தருகிறது. 1960ல் மைமன் இயக்கிய முதல் லேசர் இந்த 694.3ல்தான் ஒளிர்ந்தது. மரகதத்தில் இருப்பதும் இதே குரோமியம்தான், சுற்றியிருக்கிற படிகத்தின் பிடி கொஞ்சம் தளர்வானதும் விழுங்கும் நிறம் நகர்ந்து கல் பச்சையாகிவிடுகிறது. சிவப்புக்கும் பச்சைக்கும் ஒரே மாசு என்பதை விட, படிகம் எதற்கு முக்கியம் என்று ஒரு வகுப்புக்குச் சொல்ல வேறு நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மாணிக்கத்துக்கு 2000 டிகிரி வேண்டாமா என்று இருவரும் கேட்டார்கள். கல்லாக வளர்க்கத்தான் அந்தச் சூடு வேண்டும், பொடிக்கு வேண்டாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கிங்ஸ்லியும் பாட்டீலும் 1988ல் காட்டிய எரிப்பு முறை இதற்கென்றே அமைந்தது. 20 கிராம் அலுமினிய நைட்ரேட், 8 கிராம் யூரியா, தேவையான குரோமியம் நைட்ரேட், கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அகலமான சிலிகா கிண்ணத்தில் ஊற்றி, முன்பே 500 டிகிரிக்குச் சூடாகியிருக்கிற ஃபர்னஸில் வைக்க வேண்டும். கொதிக்கும், கெட்டியாகும், பொங்கல் பானை மாதிரி நுரைத்து மேலே வரும், சட்டென்று தீப்பிடித்து வெள்ளை வெளிச்சமாக எரியும். அந்தத் தீயின் சூடு ஃபர்னஸின் சூட்டைவிட மிக அதிகம், தேவையான ஆல்ஃபா அலுமினா (மாணிக்கத்தின் படிக அமைப்பு) அந்த நொடிகளில் அமைந்துவிடுகிறது. ஐந்து நிமிஷத்தில் கிண்ணம் நிறைய இளஞ்சிவப்பு நுரை, நிறுத்தால் 2.7 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். பழுப்பு நிறப் புகை வரும், கதவு ஜன்னல் திறந்து எக்ஸாஸ்ட் ஓட வேண்டும், முகக் கவசம் போட வேண்டும், அளவைக் கூட்டக் கூடாது. தீப்பிடிக்காமல் வெறுமனே பொங்கி நின்றுவிட்டால் வேறு படிக அமைப்பான காமா அலுமினாவோடு நின்றுபோகும், கோடு கூர்மையாக வராது, அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

குறைகளும் உண்டு. 694 நானோமீட்டரில் நம் கண்ணின் கூர்மை, பச்சையில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது, அதனால் இருட்டறையில்தான் பார்க்க முடியும், யூரோப்பியம் மாதிரிப் பளிச்சென்று இருக்காது. இரண்டு கோடுகளுக்கு நடுவே 1.4 நானோமீட்டர் இடைவெளி, சோடியத்தின் 0.6 இடைவெளியையே பிரிக்கிற நம் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு இது பெரிய விஷயமில்லை என்றாலும் பொடியின் ஒளி மங்கல், எனவே நிறமாலைக்குக் காசு கொடுத்து பி.எல். எடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் நேரத்தை அளக்கலாம். மாணிக்கத்தின் ஒளி அணைய 3, 4 மில்லி விநாடி ஆகிறது. பழைய கம்ப்யூட்டர் மின்விசிறியில் துளையிட்ட அட்டையை ஒட்டி லேசரை வெட்டி வெட்டி விட்டு, சிவப்பு ஃபில்டருக்குப் பின்னால் ஒரு போட்டோடயோடை வைத்தால் அணையும் வளைகோடு சி.ஆர்.ஓ. திரையிலேயே விழும். குரோமியம் கூடக்கூட அந்த நேரம் குறைவதைத் தன் கையால் அளந்து எழுதுகிற மாணவியை வைவாவில் யாராலும் மடக்க முடியாது. மூலப்பொருள் எல்லாம் சாதாரண கெமிக்கல் கடையில் கிடைப்பவை. தப்பினால் மறுநாள் திரும்பச் செய்யலாம், இரும்பைத் தவிர வேறு எதைப் பற்றியும் பயமில்லை.

ஆகவே என் தீர்ப்பு மாணிக்கத்துக்கே. இரண்டாவது இடம் யிட்ரியம் ஆக்சைடுக்கு, பணம் ஒதுக்க முடிந்தால்.

செறிவு 0.05, 0.2, 0.5, 1, 3 சதவீதம் என்று ஐந்து போதும். 0.5 சதவீதத்துக்கு, முன்னால் சொன்ன செய்முறை அளவில், 0.107 கிராம் குரோமியம் நைட்ரேட் வரும், அதைத் தராசில் நிறுக்கலாம். 0.05க்கு சுமார் 11 மில்லிகிராம், அதை நிறுத்தால் பிழை பெரிதாகிவிடும், எனவே ஸ்டாக் கரைசல் செய்து பிப்பெட்டில் எடுங்கள். அலுமினிய நைட்ரேட் பாட்டிலின் லேபிளில் இரும்பு அதிகபட்சம் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும், வாங்குவதற்கு முன் படியுங்கள். எவர்சில்வர் கரண்டி வேண்டாம், அரைப்பது அகேட் கல்லில்.

அப்புறம் ஆறாவதாக ஒன்று. 0.5 சதவீதச் சாம்பிளையே திரும்பச் செய்து, அதில் வேண்டுமென்றே 0.1 சதவீதம் இரும்பு நைட்ரேட் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பர்மாவின் மோகோக் மாணிக்கம் பளபளவென்று ஒளிர்வதற்கும் தாய்லாந்து மாணிக்கம் மங்கிக் கிடப்பதற்கும் இரும்பு ஒரு முக்கியக் காரணம். பளிங்குப் பாறையில் பிறந்த முதலாவதில் அது குறைவு, எரிமலைப் பாறை வழி வந்த இரண்டாவதில் அதிகம். அந்த வித்தியாசம் இவர்கள் கிண்ணத்திலும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே ஃபர்னஸைப் போட்டு வைக்க லேப் அண்ணனிடம் சொல்லியாயிற்று, முதல் கிண்ணம் 0.5.